பெர்லின் தெருவில் குப்புறப் படுத்தவன்

1

சாய்ந்தமருதிலிருந்து போன் எடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பெர்லினில் என்ன பார்த்தாய்? உடைத்த மதிலைப் பார்த்தாயா, கோபுரத்தில் ஏறினாயா? உண்மையைச் சொன்னால் இவனுக்கு வெளிநாடு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த நகரத்தில் நான் ஊன்றிப் பார்த்தவை எல்லாம் தரையில் கிடப்பவை. சாக்கடை மூடி, தண்ணீர்க் குழாயின் மூடி, அந்தக் காலத்தில் வீட்டுக்குள் நிலக்கரி கொட்டிய துவாரத்தின் மூடி.

தரையைப் பார்த்து நடக்கப் பழக்கியவை இரண்டு. ஒன்று பனிக்கட்டி. வந்த வருடமே அதில் வழுக்கி, பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கு முன்னால் மல்லாந்து விழுந்தேன். மற்றது நாய்கள். இங்கே மனிதர்களுக்கு ஒழுங்கு அதிகம். நாய்களுக்கு அந்த ஒழுங்கை இன்னும் முழுதாகக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். அப்படி நடந்த ஒரு நாள்தான் காலடியில் ஓர் இரும்பு மூடியையும், அதைச் சுற்றி வார்த்திருந்த எழுத்துக்களையும் கண்டேன். செய்தவனின் பெயர், அவன் ஊர், அடியில் ஒரு சின்ன முத்திரை.

எனக்கு அது போதும். ஊரில் எனக்கு ஹார்ட்வெயார் கடை இருந்தது. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் புரட்டிப் பார்த்து, யார் செய்தது என்று தெரிந்துகொண்டால்தான் மனம் அடங்கும். ஒரு கல்யாண வீட்டில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹனின் ஓரத்தைத் தூக்கி அடியைப் பார்த்து, எதிரே இருந்த மாப்பிள்ளையின் மாமாவின் மடியில் இறைச்சிக் கறியைக் கொட்டியவன் நான். அந்தக் குடும்பம் இன்றும் எங்களோடு கதைப்பதில்லை.

பெர்லினில் பாதிக்கு மேல் யுத்தத்தில் இடிந்துபோனது என்பார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் அது சரிதான். புதுக் கண்ணாடி, புதுப் பூச்சு. குனிந்து பார்த்தால் வேறு ஊர். குண்டு போட்டவர்கள் சாக்கடை மூடியைக் குறிவைக்கவில்லை. யுத்தத்துக்கு முந்திய மூடிகள், வாசற்படியோரம் சப்பாத்துச் சேற்றைச் சுரண்டப் பதித்த இரும்புத் தகடுகள், கையால் அடித்துத் தண்ணீர் எடுக்கும் பழைய தெருப் பம்பிகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. நடைபாதையின் நடுவில் பெரிய கருங்கல் பலகைகள். மேற்பக்கம் தட்டை. மண்ணுக்குள் இருக்கும் அடிப்பக்கம் செதுக்காமல் உப்பியிருக்கும். அதனால் இந்த ஊர்ச் சனம் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் பன்றிவயிறு.

இதை நான் அறிந்தபோது இந்த வயிறுகளின் மேல் நடந்து பல வருடம் ஜும்ஆவுக்குப் போய் வந்திருந்தேன். மௌலவியிடம் கேட்டேன். கல்தானே, பேசாமல் நடவுங்கள் என்றார். என் மனைவி பரீதாவுக்கு அந்தத் தீர்ப்பு போதவில்லை. கொஞ்ச நாள் ஓரத்துச் சின்னக் கற்களில் மட்டும் நடந்தாள். ஒரு மழை நாளில் செருப்புக் குதி இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவளும் பன்றிவயிற்றின் மேல்தான்.

2

இந்த நாட்டில் என்னை எல்லோரும் என் வாப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். நம்மூர்ப் பெயரில் எது குடும்பப் பெயர் என்று பதிவு செய்யும் கந்தோரில் கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது என்றேன். கிடையாது என்று எழுதக் கட்டம் இல்லை என்றார்கள். வாப்பாவின் பெயர் இஸ்மாலெப்பை. அதன் பின்பாதியைப் போட்டோம். இப்போது நான் ஹெர் லெப்பே, திருவாளர் லெப்பை. மருமகளாய் வந்த பரீதா ஃப்ராவ் லெப்பே, அதாவது லெப்பைச் சீமாட்டி. வாப்பா உயிரோடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மெனக்கெடாமல் கிடைக்கும் பெயர் அவருக்குப் பிடிக்கும்.

வேலை, கடிதம் விநியோகிப்பது. மஞ்சள் சைக்கிள். இதனால் பழைய வீடுகளின் வாசலுக்குள் போக முடிகிறது. ஒரு படிக்கட்டின் அடியில் யுத்தத்துக்கு முந்திய எனாமல் பலகை ஒன்று இன்னும் இருக்கிறது. பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டும் இந்த வழி, வேலைக்காரர் பின்பக்கம் போகவும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் நாள் தவறாமல் முன்பக்கத்தால்தான் ஏறுகிறேன். என் கையில் மின்சாரக் கட்டணச் சீட்டு இருப்பதால் பெரிய இடத்து ஆட்களுக்கு என்னைக் காண்பதில் விருப்பமில்லை.

எங்கள் மகள் நுஸ்ரத் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கைக்குழந்தையாக வந்தவள். சாப்பாடு தமிழில் கேட்பாள், சண்டை ஜெர்மனில் பிடிப்பாள். சண்டையில் நாங்கள் எப்போதும் தோற்பதற்கு இலக்கணம்தான் காரணம். கொஞ்ச காலமாகச் சண்டையும் குறைந்துவிட்டது. அறைக் கதவு சாத்தியிருக்கும். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் பெர்லின் என்பாள். அதற்கு முன் என்று கேட்டால், ஆசியா என்பாள். நான் எடுத்துச் சேர்க்கும் மூடிப் படங்களைப் பற்றி அவளுடைய சிநேகிதிகளுக்குத் தெரியக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

எங்களுக்கு ஒரு மகனும் இருந்தான். அஷ்பாக். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவனுக்கு ஏழு வயது, நுஸ்ரத்துக்கு ஒரு வயது நிறையவில்லை. மூத்தவராய் ஒரு நானா இருந்தார், கடலோடு போனார் என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒவ்வொரு டிசம்பரும் பரீதா யாசீன் ஓதுவாள், நான் பள்ளிவாசலுக்குச் சாப்பாடு கொடுப்பேன், நுஸ்ரத் அன்றைக்கு எங்காவது வெளியே போய்விடுவாள். கடந்த டிசம்பரில் இருபது வருடம் நிறைந்தது. அன்றும் அப்படித்தான். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம்.

இப்போது எழுதப்போவது அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை நடந்தது.

3

பனி போய், வெயில் கொஞ்சம் தலைகாட்டிய காலைநேரம். எனக்கு விநியோகம் இல்லாத ஒரு தெருவில் பழைய பம்பி ஒன்று இருப்பதாக வேலைத்தலத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தேன். ஆளுயரத்துக்குப் பச்சைப் பூச்சு அடித்த இரும்புத் தூண், தண்ணீர் வரும் வாய் மீன் தலை போல. அதன் காலடியில் ஒரு சின்ன வட்ட மூடி. எழுத்து தேய்ந்துபோயிருந்தது. நேரே நின்று பார்த்தால் தெரியாது. வெயில் சாய்வாக விழும் பக்கமாக, கண்ணைத் தரையோடு வைத்துப் பார்த்தால்தான் நிழலில் எழுத்து தெரியும். ஆகவே குப்புறப் படுத்தேன். தாடி வைத்த, கறுத்த, அறுபதை எட்டும் ஒரு மனிதன், பொதுத் தண்ணீர்ப் பம்பியின் அடியில் குப்புறப் படுத்து இரும்பைத் தடவிக்கொண்டிருக்கிறான். மேல்மாடியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். ஒருவர் இளைஞர், ஒருவர் பெண். மரியாதையாகத்தான் கேட்டார்கள், இங்கே என்ன செய்கிறீர்கள் என்று. நான் எழும்பி, வயிற்றில் ஒட்டிய மண்ணைத் தட்டி, என்னிடம் உள்ள நல்ல ஜெர்மனில் பதில் சொன்னேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். மூடிக்கு ஜெர்மனில் டெக்கெல். குட்டைக் காலும் நீட்டு உடம்புமாய் ஒரு நாய் இருக்கிறதே, அதற்கு டக்கெல். எங்கள் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். பதற்றத்தில் நான் சொன்னது இரண்டாவது.

பழைய டக்கெல்களைச் சேர்க்கிறேன் என்றேன். அந்தப் பெண் புருவத்தை உயர்த்தி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, படம் மட்டும் எடுப்பேன் என்றேன். தெருவுக்குத் தெரு கிடக்கின்றன, சிலதுக்கு நூறு வயதுக்கு மேல் என்றேன். வயிற்றில் பெயர் எழுதியிருக்கும், ஆனால் சனம் மிதித்து மிதித்துத் தேய்ந்துவிட்டது என்றேன். இளைஞர் தன் குறிப்புப் புத்தகத்தை மூடினார். நான் அதை நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொண்டு மேலும் விளக்கினேன். சிலதைக் கம்பி போட்டு நெம்பித்தான் திறக்கலாம், ஒருமுறை வேலையாட்கள் திறந்தபோது உள்ளே பார்த்தேன், நாற்றம் தாங்கவில்லை என்றேன்.

அந்தப் பெண் மெதுவாக, வீட்டில் ஜெர்மன் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

நுஸ்ரத் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். பொலிஸ்காரர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் போன போக்கைப் பார்த்து, என்னைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு அவள் மூடியைக் காட்டி ஒரே ஒரு வசனம் சொன்னாள். இளைஞர் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லபடியாகச் சேர்த்து வாருங்கள் என்று சொல்லிப் போனார்.

என் மகள் சிரிக்கவில்லை. "வாப்பா, இனிப் போதும்," என்றாள். "ரோட்டுல படுக்கிறத்துக்கா இந்த ஊருக்கு வந்தீங்க?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

4

அப்போதுதான் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கைத்தடியோடு, சட்டைக்கு மேல் சமையல் ஏப்ரனும் கட்டியபடி, மிகவும் வயதான ஒரு பெண்மணி இறங்கி வந்தார். ஃப்ராவ் வெண்ட் என்று தன்னை அறிமுகம் செய்தார். பொலிசுக்கு அறிவித்தது தான்தான் என்றார். அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பம்பியில் யார் கைவைத்தாலும் கூப்பிடுவேன் என்றார்.

தண்ணீர் குடிப்பதற்காகவா என்று நுஸ்ரத் கேட்டாள். இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று பலகையே போட்டிருக்கிறது என்றார் அவர். பிறகு தடியின் நுனியால் தூணின் இடுப்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரும்பில் ஒரு பள்ளம். கட்டைவிரல் புதையும். எத்தனையோ தரம் பூச்சு அடித்தும் மறையவில்லை.

யுத்தத்தின் கடைசி நாட்களில் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனதாம். தெருவே இந்தப் பம்பியில் வாளியோடு வரிசையில் நின்றதாம். அவருடைய அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. பெயர் ஹெட்டி. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பீரங்கிச் செல் விழுந்தது. சுவர்களில் இருந்த காயங்களை எல்லாம் பிறகு பூசி மறைத்துவிட்டார்கள், இது ஒன்றுதான் மிச்சம் என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், கடையில் பாணின் விலையைச் சொல்வது போல. நுஸ்ரத் எனக்காகத் தமிழில் மாற்றினாள். அக்கா என்ற சொல்லில் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தாள்.

ஃப்ராவ் வெண்ட் என்னைப் பார்த்தார். மூடியில் செய்தவனின் பெயரை வாசித்தேன் என்று நுஸ்ரத் சொன்னதும், அதற்கு ஒரு மனிதன் ஏன் மண்ணில் படுக்க வேண்டும் என்று கேட்டார்.

கடை வைத்திருந்தேன், பழக்கதோஷம் என்று சொல்லி முடித்திருக்கலாம். மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன். அந்தப் பள்ளத்தைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. தமிழில் சொல்லத் தொடங்கினேன். நுஸ்ரத் ஒவ்வொரு வசனத்தின் தொடக்கத்திலும், அவர் சொல்கிறார், அவர் சொல்கிறார் என்று போட்டு ஜெர்மனில் மாற்றிக்கொண்டு வந்தாள்.

என் கடைக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து கக்கூஸ் பீங்கான்கள் வந்தன. இளநீலம். அதில் ஒன்றுக்குக் கம்பனி முத்திரை தலைகீழாகப் பதிந்திருந்தது. ஒருவரும் வாங்கவில்லை. குந்தியிருக்கும்போது யார் அதை வாசிக்கப் போகிறார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என் வீட்டிலேயே பதித்தேன். குந்தியிருப்பவருக்கு நேராகத் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருக்கலாமே என்று மேசன் சிரித்தார்.

கடல் வந்த காலையில் நான் சாமான் எடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தேன். பரீதா குழந்தையோடு முதல்நாளே வரிப்பத்தான்சேனையில் தன்னோடு பிறந்த தாத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். அது வயல் ஊர், கடல் எட்டாது. அஷ்பாக் வர மாட்டேன் என்று நின்றுவிட்டான். விடுமுறை, கடற்கரையில் பந்து விளையாட்டு.

நான் திரும்பி வந்தபோது எங்கள் வீடிருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கை, இல்லை. வீடுகள் இல்லை, மதில்கள் இல்லை. எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. பிறந்து வளர்ந்த இடத்தில் திசை கெட்டு நின்றேன். சிமெந்துத் தரைகள் மட்டும் கிடந்தன, எல்லாம் ஒரே மாதிரி. அப்போது மணலுக்குள் ஓர் இளநீலம் தெரிந்தது. கையால் வழித்துப் பார்த்தேன். முத்திரை தலைகீழாக இருந்தது.

இந்த இடத்தையும் நுஸ்ரத் ஜெர்மனில் மாற்றினாள். ஆனால் அவர் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டை அப்படித்தான் கண்டுபிடித்தோம் என்றாள்.

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. இலக்கணம் கொஞ்சம் எனக்கும் தெரியும்.

காணி அளக்க வந்த உத்தியோகத்தர் உறுதிப் பத்திரம் கேட்ட கதையையும் சொன்னேன். உறுதி கடலில் என்றேன். வேறு என்ன ஆதாரம் என்றார். பீங்கானைக் காட்டினேன். அவர் குனிந்து, கழுத்தைத் திருப்பி, முத்திரையை நேராக வாசித்துப் பார்த்து, பிறகு மிகக் கவனமாக எழுதிக்கொண்டார்: நிலையான கட்டுமானம், மலசலகூடம் ஒன்று. என் மொத்தச் சொத்தும் அரசாங்கத் தமிழில் அந்த ஒரு வரியாகிவிட்டது. ஃப்ராவ் வெண்ட் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்தினார். சிரியுங்கள், எங்கள் ஒழுங்கைக்காரர்களும் சிரித்தார்கள் என்றேன். உண்மையாகவே சிரித்தார்கள். அந்த வாரத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"பையன்?" என்று அவர் கேட்டார்.

அந்தப் பீங்கானை வைத்துத்தான் குசினி எது, அறை எது, அவன் புத்தகப் பை தொங்கிய சுவர் எது என்று அளந்தேன். அங்கிருந்து தேடத் தொடங்கினேன். கரையோரமாகப் பாண்டிருப்பு வரை தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு கடை திறந்தபோது சனம் முழுவதும் கதவுக்கும் கூரைக்கும் கக்கூஸ் பீங்கானுக்கும் வந்து நின்றது. வியாபாரம் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. என்னால் அந்தக் கடையில் இருக்க முடியவில்லை. தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வந்த வழியை எழுத மாட்டேன், கந்தோர்க்காரர்களும் வாசிக்கக்கூடும்.

நுஸ்ரத் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னாள். கடைசி வசனங்களில் அவள் குரல் மிகவும் மெல்லிதாகிவிட்டது. ஃப்ராவ் வெண்ட் இப்போது என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஹெட்டி போனபோது தனக்கு ஐந்து வயது என்றார். அவள் முகம் நினைவில்லை. தலை சீவிவிடும்போது தலைமயிரைப் பிடித்து இழுப்பாள், அந்த நோவு மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

"உனக்கு உன் அண்ணனைப் பற்றி என்ன நினைவிருக்கிறது?"

நுஸ்ரத் ஜெர்மனில் பதில் சொன்னாள். எனக்கு மாற்றிச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஒன்றுமில்லை, நான் குழந்தை, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றாள்.

கிழவி தலையை ஆட்டினார். எங்கள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டு, தடியை ஊன்றிக் கதவு வரை போனார். பின், திரும்பி, சொல்லக்கூடிய ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள் என்றார்.

5

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் வழியில் எந்த மூடியையும் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபமா என்று கேட்கப் பயமாக இருந்தது. படியேறும்போது, "படம் இருக்கா வாப்பா?" என்றாள். யாருடைய படம் என்று நான் கேட்கவில்லை. இல்லை என்றேன். அல்பம் எல்லாம் கடல் கொண்டுபோன வீட்டில் இருந்தது.

பரீதா குசினியில் பகல் சாப்பாட்டுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். பொலிஸ் பிடித்த செய்தி அவளுக்கு எப்படியோ எட்டியிருந்தது. எனக்காக ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தாள் என்பது கரண்டியை அவள் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நுஸ்ரத் நேரே உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தக் குசினிக்குள் அவள் சாப்பாட்டுக்கு அல்லாமல் போய் எவ்வளவு காலமோ தெரியாது.

"உம்மா, நானா எப்பிடி இருந்தார்?"

எண்ணெய் சத்தம் போட்டது. பரீதா மீனைப் புரட்டவில்லை. நான் நடையில் சப்பாத்தின் ஒரு காலைக் கழற்றியபடி நின்றுவிட்டேன். உள்ளே போகவா வெளியே போகவா என்று தெரியவில்லை. இருபது வருடம் இந்த மனுசி அந்தப் பெயரை ஓதும்போது தவிர வாயில் எடுத்ததில்லை. இப்போது அழுவாள், அல்லது மகளை ஏசுவாள், அல்லது மீன் கருகுது என்று சொல்லித் திரும்பிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"வாய் ஓயாது," என்றாள். "சோத்த வாயில வெச்சுக்கிட்டே கதைப்பான். மீன் முள்ளுக்குப் பயம். நான் முள்ளெடுத்துக் குடுத்தாலும் வெளிச்சத்தில புடிச்சுப் பாத்துட்டுத்தான் திம்பான்."

பிறகு அவள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய தொப்பியைக் கிணற்றில் போட்டது, நோன்பு என்று சொல்லிவிட்டுக் களவாக வாழைப்பழம் தின்றது, பெருநாள் சட்டையோடு கடலில் இறங்கியது. எனக்குத் தெரியாத கதைகளும் அதில் இருந்தன. நுஸ்ரத் இடையில் தமிழிலேயே கேள்வி கேட்டாள். சொல் வராத இடத்தில் கையால் காட்டினாள். மீன் எண்ணெயிலேயே ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

"உன்னத் தூக்குற எண்டா அவனுக்கு உசிரு," என்றாள் பரீதா. "தூக்கத் தெரியாது. அரிசி மூட்டை மாதிரித் தோளில போட்டுக்கிட்டு வீடு முழுக்க ஓடுவான். நான் பின்னால கத்திக்கிட்டு ஓடுவன்."

"நான் அழுவனா?"

"இல்ல மகள். நீ சிரிப்பாய். அவன் கீழ இறக்கி வெச்சாத்தான் அழுவாய்."